மிளகாயில் காரம் இல்லை

எல்லம்மாளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யாராவது கேட்டால், எதுவும் இல்லை என்றுதான் சொல்வேன். இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் ஊரில் அவரைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கிளப்பிவிட்ட கை என்னுடையது. என் பெயர் வேதா. அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் இருக்கிறது எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே நான் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'வேதி டீச்சர்'. வேதியியலில் இருந்து வந்ததா, வேதனையில் இருந்து வந்ததா என்று நான் விசாரித்ததில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

எல்லம்மாள் எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஐந்தாவது வரை படித்து, பத்தொன்பது வயதில் அடி அண்ணாமலைக்கு வாழ வந்தவர். புருஷன் ராஜமாணிக்கம் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். எல்லம்மாளும் கூடவே போய்ச் சித்தாள் வேலை பார்த்திருக்கிறார். ஒரு லாட்ஜ் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து ராஜமாணிக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் மணிவேலுக்கு அப்போது ஏழு வயது. கணவனை இழந்தவர் என்பதால் எல்லம்மாளுக்கு இந்த வேலை கிடைத்தது. மணிவேல் இப்போது ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறான். அம்மாவை வேலையை விட்டுவிடச் சொல்லிப் பல தடவை கேட்டுப் பார்த்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிள்ளைகள் அவரை ஆயம்மா என்பார்கள். எங்கள் பள்ளியில் விழுந்து முட்டி தேய்ந்தாலும், குளவி கொட்டினாலும், வயிறு வலித்தாலும் பிள்ளைகள் ஆபீஸ் ரூமுக்கு வருவதில்லை. நேரே சமையல் கூடத்துக்கு ஓடுவார்கள். மஞ்சள், உப்பு, சுக்கு, ஓமம் என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். கொய்யாக்காயும் மிளகாய்த்தூளும் வாங்கித் தின்றுவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாரத்துக்கு ஒருவராவது அவரிடம் போய் நிற்பார்கள். அதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. தண்ணீர் தொடவே கூடாது, பட்டால் எரிச்சல் பரவும் என்பார். மெல்லிய துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, கண்ணைச் சுற்றித் துடைத்து, மூடிக்கொண்டு நன்றாக அழச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டே வகுப்புக்கு வந்துவிடும். பத்தொன்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிச் செய்திருப்பாரோ, ஒருவருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

இனி என் பக்கத்துக் கதை.

ஒன்பதாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள் என்று ஒரு பாடம். அமிலம் புளிக்கும். எலுமிச்சை, புளி, தயிர் எல்லாவற்றிலும் அமிலம் இருக்கிறது. காரம் கசக்கும், தொட்டால் சோப்பு மாதிரி வழவழக்கும். சுண்ணாம்பு, சோப்பு, சமையல் சோடா எல்லாம் காரத் தன்மை உடையவை. இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று அடக்கி உப்பும் தண்ணீரும் ஆகிவிடும். போன வருடம் இதை நான் நடத்தியபோது தேவிப்ரியா என்ற பெண் எழுந்து நின்றாள். "காரம் எப்படி டீச்சர் கசக்கும்? காரம் காரமாதான இருக்கும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன். புத்தகத்தில் போட்டிருப்பதைப் படி, வாய்க்கு ருசியாகச் சமைக்கவா இங்கே வந்தாய் என்று ஒரு போடு போட்டு உட்கார வைத்தேன். போதாக்குறைக்கு, தண்ணீரில் கரைகிற காரத்துக்கு எரிகாரம் என்று பேர். அதைக் கரும்பலகையில் எழுதியபோது பின்பெஞ்சில் யாரோ குண்டூர் மிளகாய் என்று முணுமுணுத்தார்கள். அதற்கும் கத்தினேன். நியாயமான கேள்வி அது. சமையலறையில் ஒரு அர்த்தம், சோதனைச் சாலையில் வேறு அர்த்தம் என்று இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் என் தொண்டைத் தண்ணீர் ஒன்றும் வற்றிப் போயிருக்காது.

ஜனவரி கடைசியில் அந்த வகுப்புக்குச் செய்முறை வைத்தேன். கொடுத்த கரைசல் அமிலமா காரமா என்று கண்டுபிடிக்க வேண்டும். பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டால் காரம் இளஞ்சிவப்பாகும், அமிலத்தில் நிறம் வராது. அவ்வளவுதான் சோதனை. காலையில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வைத்தேன். அது கெட்டியான கரைசல். அதில் ஒரு பங்கை எடுத்து நிறையத் தண்ணீர் சேர்த்து, நீர்க்க வைத்துத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுதாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. சரி, அப்புறம் கலந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பாட்டிலில் ஒரு தாளை ஒட்டி என் கையாலேயே 'காரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கரைசலின் முழுப்பெயரை எழுதவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். நீர்க்க வைக்காத அதே பாட்டில் மேசை மேல் இருந்தது.

வருகைப் பதிவை போனில் ஏற்ற வேண்டும். சோதனைச் சாலைக்குள் சிக்னல் கிடைக்காது. யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் புங்கமரத்தடிக்குப் போனேன். நாற்பது பிள்ளைகளைப் பாட்டில்களோடு விட்டுவிட்டுப் போனால் யார் தொடாமல் இருப்பார்கள்? ஓவியா என்ற பெண் சொட்டுக்குழாயை அந்தப் பாட்டிலில் விட்டுக் கரைசலை ஏற்றியிருக்கிறாள். நுனி அடைத்துக்கொண்டு கரைசல் வெளியே வரவில்லை. முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, ரப்பரை ஓங்கி அழுத்தியிருக்கிறாள். அடைப்பு விட்டு மொத்தமும் வலது கண்ணில் பீய்ச்சி அடித்தது.

பக்கத்தில் நின்ற தேவிப்ரியா சோதனைச் சாலைக் குழாயைத் திருகினாள். தண்ணீர் இல்லை. உடனே ஓவியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கமாகச் சமையல் கூடத்துக்கு ஓடினாள். அவள் செய்தது சரி. அங்கே இரண்டு பெரிய அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. எல்லம்மாள் அப்போது முட்டை மசாலாவுக்கு மிளகாய்த்தூள் போட்டுக்கொண்டிருந்தார். என்னடி ஆச்சு என்று அவர் கேட்டதற்கு தேவிப்ரியா சொன்ன பதில் இது.

"ஆயம்மா, கண்ணுல காரம் பட்டுடுச்சு."

பாட்டிலில் நான் எழுதியிருந்த அதே வார்த்தை. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எல்லம்மாள் கேட்டதிலும் ஒரு தப்பும் இல்லை. அண்டாவை நோக்கிப் போன ஓவியாவின் இரண்டு கையையும் அவர் பிடித்துக்கொண்டார். "தண்ணி ஊத்தாதடி, இன்னும் ஜாஸ்தியா எரியும்" என்றார். துணியில் எண்ணெய் தொட்டு, கண்ணைச் சுற்றித் துடைத்து, மூடிக்கொண்டு அழச் சொன்னார். பிள்ளை துடித்திருக்கிறாள், தண்ணீர் தண்ணீர் என்று கதறியிருக்கிறாள். கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, இப்ப சரியாயிடும் என்று எல்லம்மாள் அவளைத் தன் மடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓடி வந்து சேர்ந்தபோது எட்டு நிமிடம் போயிருந்தது. ஓவியாவைப் பிடுங்கி அண்டா ஓரத்தில் சாய்த்து, செம்பு செம்பாகக் கண்ணில் ஊற்றினேன். எல்லம்மாளைப் பார்த்து நான் கத்தியதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் ஒன்றும் புரியாமல் எண்ணெய்த் துணியோடு நின்றார்.

அன்றைக்குக் காலையிலேயே பௌர்ணமி தொடங்கிவிட்டது. கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. ஆட்டோ ஊர்ந்தது. நான் பாட்டில் தண்ணீரைப் பிள்ளையின் கண்ணில் விட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் தீர்ந்து நான் அலறியதும் நடந்து போகிறவர்கள் தங்கள் பாட்டில்களை ஆட்டோவுக்குள் நீட்டினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் கண்ணைக் கழுவினார்கள். அப்புறம் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அமிலம் பட்டால் பெரும்பாலும் மேல்தோலை வேக வைத்து, அந்த வெந்த தோலே ஒரு தடுப்பாக நின்றுவிடும். காரம் அப்படி நிற்காது. சதையிலுள்ள கொழுப்பைக் கரைத்துச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே போகும். தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் அதை நிறுத்த முடியும், முதல் சில நிமிடங்கள்தான் கணக்கு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓவியாவின் வலது கண்ணின் கருவிழி வெள்ளையாகப் பூத்துவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எங்கள் தலைமையாசிரியர் புகழேந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்க டீச்சர், கேக்காததை எல்லாம் இழுத்துப் போட வேணாம் என்றார். நான் எழுதினேன். மாணவியின் கண்ணில் கரைசல் பட்டது. மாணவி சமையல் கூடத்துக்குச் சென்றார். அங்கே தண்ணீர் ஊற்றவிடாமல் தடுக்கப்பட்டார். எண்ணெய் தடவப்பட்டது. நான் சென்று கண்ணைக் கழுவினேன். ஒரு வரி பொய் கிடையாது. கரைசல் எவ்வளவு கெட்டி, குழாயில் ஏன் தண்ணீர் இல்லை, நான் எங்கே நின்றேன், பாட்டிலில் என்ன எழுதியிருந்தது, இது ஒன்றும் அந்தத் தாளில் இல்லை. பூசி மெழுகுவது என்பார்களே, அதை அழகாகச் செய்தேன்.

எல்லம்மாளையும் எழுதித் தரச் சொன்னார்கள். பிள்ளை காரம் பட்டது என்று சொன்னாள், நான் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன் என்று இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஊரில் அவருக்குக் கண்ணெடுத்தவள் என்று பெயர் வந்தது. ஓவியாவின் அப்பா பரசுராமன் மணிலா, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கும் சின்ன விவசாயி, அதிர்ந்து பேசாத மனிதர். அவரே எல்லம்மாளின் வாசலில் போய் நின்று, உன் கையில் புழு வைக்கும் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தார். எல்லம்மாள் கதவைச் சாத்தவில்லையாம். கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டாராம். அதற்கப்புறம் கடைக்குப் போவதையும் விட்டுவிட்டார் என்று மணிவேல் யாரிடமோ சொல்லி அழுதிருக்கிறான். என் காதுக்கு எல்லாம் வந்தது. நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, எல்லம்மாள் சோதனைச் சாலை வாசலில் வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார். சிபாரிசு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, என் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் மேலிடம் என்று நான் ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அதுக்கு வரல டீச்சர். அது இன்னா காரம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இப்போது தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று வெடுக்கென்று கேட்டேன்.

"பழி எம் மேல இருக்கட்டுங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரிய வேணாமா? அந்தப் புள்ள தண்ணி தண்ணின்னுச்சு. நான் பிடிச்சு வெச்சிருந்தேன். இந்தக் கையிலதான் பிடிச்சு வெச்சிருந்தேன். எங்கூட்டுல மிளகாய எடுக்கவே கை வரல டீச்சர்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, மேசை ஓரமாக நின்றார். பதினாறு வருடம் பாடம் நடத்தினவள், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து ஐந்து சோதனைக் குழாயில் ஊற்றினேன். முதல் குழாயில் எலுமிச்சைச் சாறு விட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இது அமிலம் என்றேன். இரண்டாவதில் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டேன். பளிச்சென்று சிவந்தது.

"இது ஆலாத்தித் தண்ணி" என்றார் எல்லம்மாள்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கும் என்பது அவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? மூன்றாவதில் சோப்புத் தண்ணீர் விட்டேன். அதுவும் செம்மை ஏறியது. சாம்பார் கறையில் சோப்பு போட்டால் சிவக்குமே, அதானா இது என்று அவரே கேட்டார். அதேதான் என்றேன். மஞ்சளைச் சிவக்க வைப்பதற்குப் பெயர்தான் எங்கள் புத்தகத்தில் காரம், ஓவியா கண்ணில் பட்டது இந்த வகையிலேயே ரொம்பப் பொல்லாதது என்று சொல்லி, நான்காவது குழாயில் அந்தக் கரைசலை ஒரு சொட்டு விட்டேன். செக்கச்செவேல் என்று ஆனது. எல்லம்மாள் மிளகாயை விட்டுக் காட்டச் சொன்னார். சமையல் கூடத்தில் இருந்து பச்சை மிளகாய் ஒன்று எடுத்து வந்து, நசுக்கி, அந்தத் தண்ணீரை ஐந்தாவது குழாயில் விட்டேன். நிறம் மாறவில்லை.

"மிளகாயில காரம் இல்ல, எல்லம்மாக்கா. எங்க பாடத்துல சொல்ற காரம் அதுல இல்ல."

அவர் சுண்ணாம்பு விட்ட குழாயைக் கையில் எடுத்தார். அந்தச் சிவப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப சுண்ணாம்பு மாதிரிதான? சுண்ணாம்புனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா புள்ளயத் தலையோட தூக்கி அண்டாவுலயே முக்கியிருப்பேனே டீச்சர்."

வெள்ளையடிக்கப் போன காலத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு நீற வைப்பது எல்லம்மாளின் வேலை. அது கொதித்துக் குதிக்கும். ஒரு தடவை அவர் இடது கண்ணில் தெறித்துவிட்டது. ராஜமாணிக்கம் அவரைத் தரையில் படுக்க வைத்து, அவர் கத்தக் கத்த மூன்று குடம் தண்ணீரை அந்தக் கண்ணிலேயே ஊற்றினாராம். அந்தக் கண்ணால்தான் இன்றைக்கும் ஊசியில் நூல் கோர்க்கிறார். சுண்ணாம்புக்குத் தண்ணீர், மிளகாய்க்கு எண்ணெய். இரண்டும் அவருக்குத் தெரியும். எது என்பதைத்தான் நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நீர்க்க வைக்காத கரைசல், வராத தண்ணீர், புங்கமரத்தடி, தாளில் எழுதிய வார்த்தை, தேவிப்ரியாவின் வாயை அடைத்தது, ஒன்று விடவில்லை. முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இத அந்தப் பேப்பர்ல எழுதினீங்களா?"

இல்லை என்றேன். குழாயை மேசையில் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலாம்.

உடனே போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பதினோரு நாள் ஆனது. வேலை போய்விடும் என்று பயம். என் வீட்டுக்காரர், முடிஞ்சு போனதை ஏன் கிளறுகிறாய் என்றார். வகுப்பில் காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். தேவிப்ரியா வாயே திறக்காத பெண்ணாக ஆகியிருந்தாள். ஒரு நாள் அவள் நோட்டைத் திருத்தும்போது பார்த்தேன். காரம் என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் வெற்றிடம் விட்டு வைத்திருந்தாள். அந்த வார்த்தையை எழுத அவளால் முடியவில்லை. அன்று சாயங்காலம் நான்கு பக்கம் எழுதினேன்.

புகழேந்தி சார் படித்துவிட்டு, பைத்தியம் பிடிச்சிருக்கா டீச்சர், உங்க தலையில நீங்களே மண்ணப் போட்டுக்கிறீங்க என்றார். மண் ஏற்கனவே இன்னொருவர் தலையில் கிடக்கிறது சார், அதை எடுத்து என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் வாங்கி அனுப்பினார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது, தண்டனையும் வந்தது. அதைப் பற்றிப் புலம்ப ஒன்றும் இல்லை, கம்மியாகத்தான் கொடுத்தார்கள்.

பரசுராமனிடம் நேரில் போய்ச் சொன்னேன். மணிலாக் கொட்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தார். அடிக்கட்டும், திட்டட்டும் என்று தயாராகத்தான் போனேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்ப நான் அந்தம்மாவப் பேசினதெல்லாம் என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்புறம் அவர் எல்லம்மாள் வீட்டுக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. தேவிப்ரியாவை வகுப்பில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, நீ அன்றைக்குக் கேட்டது சரியான கேள்வி, பதில் சொல்லாதது என் தப்பு என்று சொன்னேன். மஞ்சள் தண்ணீரும் பச்சை மிளகாயும் வைத்து அந்தப் பாடத்தை மறுபடி முதலில் இருந்து நடத்தினேன்.

எல்லம்மாளுக்கு மறுபடி வேலைக்கு வரச் சொல்லி ஆணை வந்தது ஜூலையில். அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார், நானும் வைத்தேன். முன்னே மாதிரி, இன்னா டீச்சர் முகம் வாடிக் கிடக்கு என்று அவர் கேட்கவில்லை. இனிமேல் கேட்க மாட்டார். அதை நான் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் திரும்பி வந்த அன்றைக்கே மதிய மணி அடித்தது. ஓவியா இப்போது பத்தாம் வகுப்பு. வரிசையில் வந்து தட்டை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். எல்லம்மாள் சாம்பார் வாளியோடு ஒவ்வொரு பிள்ளையாக வந்தார். ஓவியாவிடம் வந்ததும் கால் நின்றுவிட்டது. கரண்டி வாளிக்குள்ளேயே இருந்தது. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓவியாவோ யாரும் தன் பக்கத்தில் நிற்பதே தெரியாத மாதிரி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாம்பார் வாசனைக்கோ என்னவோ தலையை முழுக்கத் திருப்பினாள். எல்லம்மாளைப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. பசித்த பிள்ளை பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"இந்தப் பக்கம் வந்து நில்லுங்க ஆயம்மா. அந்தப் பக்கம் நின்னா எனக்குத் தெரியாது."

எல்லம்மாள் அவளைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்று, சாம்பார் ஊற்றினார்.